வீணை இல்லாத சரஸ்வதி

அண்ணே, வணக்கம். பர்மாவுல பெகுவுலேர்ந்து எழுதுறேன். பையனுக்குப் பரீட்சை வருதுன்னு கூட வேலை பாக்குற பர்மாக்காரம்மா ஒரு பகோடாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க அன்னத்து மேல ஒரு அம்மன், துயதடின்னு சொன்னாங்க. கையில புஸ்தகம் மட்டும்தான், வீணை இல்ல. இது நம்ம சரஸ்வதிதானா? பூ வைக்கலாமா, பலன் உண்டா? நம்ம சரஸ்வதியோட நாலு கைக்கு என்ன அர்த்தம்? பையனுக்குத் தமிழ் படிக்க வராது, நீங்க சொன்னா நான் வாசிச்சுக் காட்டுவேன்.

அன்புள்ள தங்கச்சி,

நாலு கைக்கு மனசு, புத்தி, சித்தம், அகங்காரம்னு சொல்லுவாங்க, அதை விடு. அவ நம்ம சரஸ்வதியேதான். இங்க புத்தமத வேதமான திரிபிடகத்தைக் காக்குற தாயா இருக்கா, பர்மாப் பிள்ளைங்களும் பரீட்சைக்கு முன்னாடி அவளைத்தான் கும்பிடுதுங்க. அந்த அன்னம், பர்மாக்காரங்க ஹிந்தான்னு சொல்றது, உங்க பெகு ஊரோட சின்னமே அதுதானேம்மா, தினம் பாத்துக்கிட்டே சந்தேகப்படலாமா? வீணை இல்லைன்னா வேற சாமியா? வேதாரண்யத்துல சரஸ்வதி கையில வீணை கிடையாது, சுவடிதான், அங்க அம்பாள் பேரே யாழைப் பழித்த மொழியாள், அந்தக் குரலைக் கேட்டு சரஸ்வதி வீணையைக் கீழ வெச்சுட்டான்னு சொல்லுவாங்க. ராஜேந்திர சோழன் கட்டுன கங்கைகொண்ட சோழபுரத்துலயும் ஞான சரஸ்வதிக்கு வீணை இல்ல, ஏடு இருக்கு. வீணை போனாலும் போகும், ஏடு அவ கையை விட்டுப் போகாது.

எனக்குக் கோவம் வந்ததே உன் கடைசி வரியிலதான். தமிழ் படிக்க வராதுன்னு எவ்வளவு சாதாரணமா எழுதிட்ட! 1964ல இங்க பர்மாவுல கடைங்க எல்லாம் தேசியமயமாகி, 50, 100 கியாட் நோட்டு செல்லாமப் போயி, சனம் கப்பல் கப்பலா ஊருக்குக் கிளம்புச்சு, நாங்க இங்கயே தங்கிட்டோம். அந்த வருஷ சரஸ்வதி பூஜைக்கு அடுக்கி வைக்க எங்கப்பாகிட்ட கணக்கு நோட்டு கூட இல்ல, மனைப்பலகையில அட்டை கிழிஞ்ச ஆத்திசூடி ஒண்ணு, அதுக்குச் சந்தனம் குங்குமம், அவ்வளவுதான். மறுநா விஜயதசமி காலையில அதைப் பிரிச்சு ஆளுக்கு ஒரு வரி வாசிச்சாத்தான் தோசை. என் கூடப்பொறந்த தங்கச்சி ஔவியம் பேசேல்ல வந்து திணறுவா, அப்பா அந்த எழுத்தைத் தட்டுல பரப்புன அரிசியில அவ விரலைப் பிடிச்சு எழுத வெச்சாரு, அவ அழுதுக்கிட்டே எழுதுனா. இப்ப அவ பேரப்பிள்ளைங்களுக்கு அவதான் வாத்தியார்.

இப்ப நாம என்ன பண்றோம்? புஸ்தகத்தைப் பட்டுத்துணியில கட்டி வைக்கிறோம், பொரிகடலை குடுக்குறோம், மறுநா பிரிச்சு வாசிக்கிறதை மட்டும் மறந்துட்டு அப்படியே அலமாரியில தூக்கி வெச்சுடுறோம். வாசிக்கிறதுதாம்மா பூஜை, மத்ததெல்லாம் அதுக்கு ஏற்பாடு. டியூஷனுக்கு நேரம் இருக்கு, அரை மணி நேரம் தமிழுக்கு இல்லையா? அவ கையில இருக்குற ஏட்டைக் கும்பிட்டுட்டு நம்ம வீட்டு ஏட்டைத் திறக்காம இருந்தா எந்தப் பலனைக் கேக்குற?

உன்னைத் திட்டணும்னு இல்லடா. உன் கையெழுத்து எவ்வளவு அழகு, ஒரு ஒற்றுப்பிழை இல்ல, அந்த எழுத்து உன்னோட நின்னு போறது எனக்குத் தாங்கல. பரீட்சை முடியட்டும், விஜயதசமி வரைக்கும் காத்திருக்காத, மறுநாளே ஒரு தட்டுல அரிசியைப் பரப்பி உக்கார வை. பெரிய பையன், வெக்கப்படுவான், பரவாயில்ல, கதவைச் சாத்திக்கிட்டு எழுதச் சொல்லு. இந்தக் கடிதத்தை நீ வாசிச்சுக் காட்டாத, அவனே எழுத்துக் கூட்டி வாசிக்கிறப்போ வாசிக்கட்டும்.

பூ கேட்டியே, தாராளமா வை. மல்லி கிடைச்சா மல்லி.