போர் தண்ணீர் வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கலாமா?

கேள்வி இதுதான்: "எங்கள் வீட்டில் போர் தண்ணீர் மட்டுமே. பக்கெட், குழாய், சட்டி எல்லாவற்றிலும் வெள்ளையாக உப்பு படிகிறது. வாஷிங் மெஷின் வாங்கினால் எத்தனை வருஷம் தாங்கும்? எப்படிப் பார்த்துக்கொள்வது?"

தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்த மெஷின் என்று கடையில் கேட்பதற்கு முன்னால் உங்கள் தண்ணீரைப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் ஒரு மெஷினை மூன்றே வருஷத்தில் இழந்தேன்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளா என்றாலே எல்லோருக்கும் அடைமழையும் கை எட்டும் தூரத்தில் கிணற்றுத் தண்ணீரும்தான் ஞாபகம் வரும். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி அப்படி இல்லை. மழை குறைவு, காற்று அதிகம், தோப்புக்குத் தோப்பு போர். வீட்டில் பேசுவது தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், பெரிய சாமான் வாங்க வேண்டும் என்றால் பொள்ளாச்சி. தண்ணீரிலும் இரண்டு உண்டு. குழாயில் வாரத்துக்கு இரண்டு முறை வரும் ஆற்றுத் தண்ணீர் நல்லதண்ணி, போரில் வருவது உப்புத்தண்ணி.

2014-இல் பொள்ளாச்சியில் ஒரு ஃப்ரண்ட் லோடு மெஷின் வாங்கினோம். ஹீட்டர் இருக்கிறது, எந்தக் கறையானாலும் வெந்நீரில் போய்விடும் என்றார்கள். வீட்டில் தண்ணீர் எப்படி என்று யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. உப்புத்தண்ணி லைனிலேயே மாட்டிவிட்டோம். தோப்பு வேலைத் துணி எல்லாவற்றையும் 60 டிகிரியில் போடுவேன். மூன்றாவது வருஷம் மெஷினை ஓட விட்டால் வீட்டு மெயின் டிரிப் ஆக ஆரம்பித்தது. மெக்கானிக் தம்பி வந்து ஹீட்டரைக் கழற்றித் தரையில் வைத்தார். கம்பியே தெரியவில்லை. விரல் மொத்தத்துக்கு வெள்ளைக் காரை. "மெஷின் மேல குத்தம் இல்லீங்கக்கா, தண்ணி இப்படி" என்றார். பின்னால் டிரம்மைத் தாங்கும் அலுமினியக் கையும் அரித்துப்போயிருந்தது. சரி செய்யும் செலவில் பாதி மெஷின் வாங்கிவிடலாம் என்பதால் விட்டுவிட்டோம்.

அந்தக் காரை எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் பராமரிப்பில் பாதி தானாக வந்துவிடும். உப்புத்தண்ணி என்று நாம் சொன்னாலும் இங்கே குற்றவாளி சமையல் உப்பு இல்லை. பாறை இடுக்கிலிருந்து கரைந்து வரும் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகள். தண்ணீர் சூடானால் அவை உடைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். வெந்நீர்ப் பானையின் அடியில் பார்ப்பது மெஷினுக்குள் ஹீட்டர் கம்பியில் நடக்கிறது. காரை ஏற ஏறக் கம்பியின் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கி, கடைசியில் உறை வெடித்துக் கரண்ட் கசியும். எங்கள் வீட்டு மெயின் டிரிப் ஆனது அதனால்தான்.

உங்கள் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று பார்க்க ஒரு பாட்டில் போதும். பாதி பாட்டில் தண்ணீரில் சாதாரணக் குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் நல்லது. நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி மிதந்தால் கடின நீர். துணி பவுடரில் இந்தச் சோதனை சரியாக வராது, சோப்பே வேண்டும். டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. எண் வேண்டும் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை. எங்கள் போரில் 540 வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பழைய ஹீட்டரை நினைத்தபோது எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.

அடுத்து எந்த வகை மெஷின். இங்கே என் கருத்து பலரோடு ஒத்துப்போகாது. நல்லதண்ணியைப் பிடித்து வைக்க இடமே இல்லை, உப்புத்தண்ணி மட்டும்தான் என்றால் ஹீட்டர் இல்லாத டாப் லோடு அல்லது செமி ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். செமி ஆட்டோமேட்டிக் என்றால் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் நாத்தனார் வீட்டில் பத்து வருஷத்துக்கு மேலாக அதுதான். முதல் தடவை துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே அடுத்த லோடையும் போடுவார், கடைசி அலசலுக்கு மட்டும் நல்லதண்ணியைக் குடத்தில் ஊற்றுவார். சித்திரை மாதம் போர் இறங்கிப்போகும் ஊரில் அது பெரிய விஷயம். ஆட்டோமேட்டிக் டாப் லோடு ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடித்துவிடும். ஃப்ரண்ட் லோடு அதில் ஏறக்குறைய பாதியோடு நிறுத்திக்கொள்ளும், துணியும் அதிகம் அடிபடாது.

அந்தத் தண்ணீர்ச் சிக்கனத்துக்காகத்தான் 2017-இல் நான் மறுபடியும் ஃப்ரண்ட் லோடே வாங்கினேன். இந்த முறை மெஷினுக்கு என்று மாடியில் 500 லிட்டர் டேங்க் தனியாக வைத்து, நல்லதண்ணியை அதில் பிடித்து, தனி பைப் இறக்கினோம். செய்ததிலேயே பயன் தந்த செலவு இதுதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும், 3 மீட்டர் என்றால் 0.3 பார்தான். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று மெஷின் புத்தகத்தில் போட்டிருக்கும். ஒரு மாடி வீட்டில் தளத்தின் மேலேயே டேங்க் வைத்தால் பல மெஷின்களுக்குப் போதாது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, கடைசியில் பிழை காட்டி நின்றுவிடும். நாங்கள் இரும்பு ஸ்டாண்டு அடித்து டேங்கைத் தூக்கினோம்.

தனி டேங்க் முடியாதவர்கள் குழாயில் மாட்டும் சிறிய ஃபில்டர் வாங்குகிறார்கள். அதில் இருக்கும் பாஸ்பேட் உருண்டைகள் காரை படிவதைத் தள்ளிப்போடும், கடினத்தன்மையை எடுத்துவிடாது. மிகக் கடினமான தண்ணீருக்கு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

பவுடர் விஷயத்தில்தான் நம் ஊரில் தப்பு அதிகம். உப்புத்தண்ணியில் நுரை வராது, அதனால் இன்னும் ஒரு கரண்டி. கடின நீருக்குக் கொஞ்சம் கூடுதல் வேண்டும் என்பது உண்மைதான், பாக்கெட்டிலேயே அந்த அளவு இருக்கும். அதைத் தாண்டிப் போட்டால் அலசலில் போகாமல் டிரம்முக்குப் பின்னால் துணிப் பிசிறோடு சேர்ந்து சாம்பல் நிறச் சேறாகத் தங்கும். என் முதல் மெஷினின் அலுமினியக் கையை அரித்தது அந்தக் காரச் சேறுதான். துவைத்து வந்த துண்டு ஒன்றை நல்லதண்ணி பக்கெட்டில் முக்கிப் பிழிந்து பாருங்கள். நுரை வந்தால் நீங்கள் போடும் அளவு அதிகம். ஃப்ரண்ட் லோடுக்கு அதற்கான குறைந்த நுரைப் பவுடரையே போடுங்கள். டிரம்மில் துணிக்கு மேல் உள்ளங்கை நுழைய இடம் விடுங்கள்.

தினத் துணிக்கு 30 அல்லது 40 டிகிரி போதும். தென்னை மட்டைக் கறை, வாழைக் கறை எந்தச் சூட்டிலும் எனக்குப் போனதில்லை, அதற்காகச் சூட்டை ஏற்றிக் காரையைத்தான் வாங்கினேன். ஆனால் எப்போதும் குளிர்ந்த நீரிலேயே ஓட்டினால் உள்ளே வழுவழுப்பு சேர்ந்து நாற்றம் வரும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து: நல்லதண்ணியாக இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, உப்புத்தண்ணி என்றால் மாதம் ஒருமுறை, துணி இல்லாமல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டை டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஓட்டி, பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். ஹீட்டர் இல்லாத மெஷின் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். உங்கள் மெஷின் புத்தகம் இதற்குத் தடை சொல்லவில்லையா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். இதோடு ப்ளீச்சிங் பவுடரை எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள். ஆசிட்டும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. கிணற்றில் போட வாங்கியது எல்லா வீட்டிலும் இருக்கும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கீழே மூலையில் சின்னக் கதவுக்குள் பம்ப் ஃபில்டர் இருக்கிறது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. பிளக்கைக் கழற்றி, மெஷின் ஆறிய பிறகு, தட்டு வைத்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டுத் திருகி எடுங்கள். எங்கள் வீட்டில் வருவது தேங்காய் நார், சில்லறை, ஊக்கு. தண்ணீர் உள்ளே வரும் பைப்பின் வாயிலும் ஒரு வலை உண்டு. போர் மணல் அதில்தான் அடைக்கும், பழைய டூத்பிரஷ் போதும். கதவின் ரப்பர் மடிப்பைத் துவைத்து முடித்ததும் துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள். ஆனி, ஆடியில் ஈரக்காற்று இருக்கும்போது ஒரு நாள் மூடி வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். சின்னக் குழந்தைகள் வந்து போகும் வீடாக இருந்தால் மெஷின் இருக்கும் அறையின் தாழ்ப்பாளைப் போட்டுவிடுங்கள். பேரன் வரும் நாட்களில் நான் அதைத்தான் செய்கிறேன்.

மின்சாரத்துக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் சரியான எர்த்தும் கட்டாயம், ஹீட்டர் மட்டுமே 2000 வாட் வரை இழுக்கும். தோப்பு மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் என்பதால் நான் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் போடுவேன். புது மெஷின் வந்த அன்று, பயணத்துக்காகப் பின்பக்கம் முடுக்கியிருக்கும் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டார்களா என்று நீங்களே நின்று பாருங்கள்.

எத்தனை வருஷம் என்று கேட்டீர்கள். உப்புத்தண்ணியில் ஓடிய மெஷின் மூன்று வருஷம். நல்லதண்ணி டேங்க்கில் ஓடும் 2017 மெஷின் இன்று காலையும் இரண்டு லோடு துவைத்தது. கதவு ரப்பர் ஒருமுறை மாற்றினோம், ஹீட்டர் வாங்கியபோது இருந்ததுதான்.