வாசகர் கடிதம்: அக்கா சேவ் பண்ணிட்டுப் போன க்வெரியை எல்லாம் எப்படி எடுக்குறது?

அண்ணே வணக்கம். காரைக்குடியில ஒரு பலகாரக் கம்பெனியில ரிப்போர்ட் எடுக்குற வேலை பாக்குறேன். ஆர்டர் டேட்டா எல்லாம் அமேசான் எஸ்3ல (நெட்ல ஃபைல் போட்டு வைக்கிற இடம்) கிடக்கு, அதீனாங்குற அமேசான் டூல்ல க்வெரி (என்ன டேட்டா வேணும்னு எழுதிக் கேக்குறது) ஓட்டித்தான் எடுப்போம். எனக்கு முன்னாடி இந்த வேலையைப் பாத்த அக்கா போன மாசம் கல்யாணமாகி சிங்கப்பூர் போயிட்டாங்க, அவங்க சேவ் பண்ணி வச்ச க்வெரி ஏகப்பட்டது இருக்கு. ஒவ்வொண்ணா திறந்து காப்பி பண்ணி மாளல. கமாண்ட் லைன்ல மொத்தமா எடுக்கலாம்னாங்க. என் லேப்டாப்ல லிஸ்ட் கமாண்ட் அடிச்சா காலியா வருது, ஆபீஸ் மெஷின்ல அடிச்சா நீள நீளமா ஐடி மட்டும் வருது, க்வெரி வரல. என்ன பண்றது?
– ஒரு வாசகர், தேவகோட்டை

தம்பி, வணக்கம்.

சேவ் பண்ணதை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதை இன்னைக்கே முடிச்சிருங்க. அந்த அக்கா சேவ் பண்ணாம சும்மா ஓட்டிப் பாத்த க்வெரியும் இருக்கும்ல, அதெல்லாம் ஹிஸ்டரியில 45 நாள்தான் நிக்கும், அதுக்கப்புறம் போயிரும். அவங்க போன மாசம் போனாங்கன்னா நாள் ஓடிக்கிட்டு இருக்கு. லிஸ்ட்-க்வெரி-எக்ஸிக்யூஷன்ஸ் அடிச்சா ஓட்டின க்வெரியோட ஐடி வரும், அதைக் கெட்-க்வெரி-எக்ஸிக்யூஷனுக்குக் குடுத்தா எழுதின எஸ்க்யூஎல் (க்வெரி எழுதுற மொழி) அப்படியே கிடைக்கும். (கமாண்டை எல்லாம் நான் தமிழ்ல எழுதுறேன், நீங்க முன்னாடி ஏடபிள்யூஎஸ் அதீனா போட்டு எல்லாத்தையும் இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க.) சேவ் பண்ணதுக்கு இந்தக் கெடு இல்ல, யாராச்சும் டெலிட் பண்ற வரைக்கும் இருக்கும்.

இப்ப உங்க லேப்டாப்ல ஏன் காலின்னு பாப்போம். சேவ் பண்ண க்வெரி அந்தந்த ரீஜனுக்குள்ளதான் (அமேசான் சர்வர் இருக்குற பகுதி) இருக்கும். ஆபீஸ் மெஷின்ல மும்பை செட் ஆகியிருக்கும், உங்களுதுல வர்ஜீனியாவோ வேற ஏதோ இருக்கும், அங்க போய்த் தேடினா ஒண்ணும் வராது, எரரும் காட்டாது, வெறும் காலி லிஸ்ட்தான். அதனால ரீஜனைக் கமாண்ட்லயே சேத்து அடிங்க. அதுவும் சரின்னா ஒர்க்குரூப்பை (அதீனாவுல க்வெரியைப் பிரிச்சு வைக்கிற குழு) பாருங்க, நீங்க எதுவும் சொல்லலைன்னா பிரைமரிங்குற ஒர்க்குரூப்புல இருக்குறதை மட்டும்தான் காட்டும். அக்கா சேல்ஸ்னு தனி ஒர்க்குரூப் போட்டு அதுல சேவ் பண்ணியிருந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது. லிஸ்ட்-ஒர்க்-குரூப்ஸ் அடிச்சு என்னென்ன இருக்குன்னு பாத்துட்டு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கேளுங்க, அந்த ஒர்க்குரூப்புக்கு உங்களுக்கு பர்மிஷனும் இருக்கணும்.

ஐடி மட்டும் வருதுன்னீங்களே, நேம்டு க்வெரின்னா சேவ் பண்ண க்வெரி, லிஸ்ட்-நேம்டு-க்வெரீஸ் குடுக்குறதே அவ்வளவுதான். நம்ம பக்கத்துப் பெரிய வீட்டுச் சாவிக்கொத்தைக் கையில குடுத்த மாதிரி, எந்தச் சாவி எந்த அறைக்குன்னு அதுல எழுதியிருக்காது. ஒரு ஐடியை எடுத்து கெட்-நேம்டு-க்வெரிக்குக் குடுத்தா பேரு, விவரம், எந்த டேட்டாபேஸ், எந்த ஒர்க்குரூப், க்வெரி எல்லாம் சேந்து ஜேசானா (பேரும் அதுக்கான விவரமும் ஜோடி ஜோடியா வர்ற எழுத்து) வரும். அதுல க்வெரி ஒரே வரியா, வரி முடியிற இடத்துல எல்லாம் பேக்ஸ்லாஷ் என் போட்டு, படிக்கவே முடியாம இருக்கும். அதுக்கு --க்வெரின்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல நேம்டுக்வெரி புள்ளி க்வெரிஸ்ட்ரிங் குடுத்து, அவுட்புட்டை டெக்ஸ்ட்னு போட்டு ஒரு எஸ்க்யூஎல் ஃபைலுக்குத் திருப்பி விடுங்க, அவங்க அடிச்ச மாதிரியே வரிவரியா வந்துரும். அந்த --க்வெரி உங்க எஸ்க்யூஎல் இல்ல, வந்த பதில்ல எந்தப் பாகம் வேணும்னு சொல்றது, குழப்பிக்காதீங்க. நேம், க்வெரிஸ்ட்ரிங்ல எல்லாம் பெரிய எழுத்து சின்ன எழுத்து ஜேசான்ல இருக்குற மாதிரியே அடிக்கணும், இல்லைன்னா நன் (ஒண்ணும் இல்ல)-னு வரும்.

நிறைய இருக்குன்னா பேட்ச்-கெட்-நேம்டு-க்வெரி, ஒரு தடவைக்கு 50 ஐடி வரைக்கும் குடுக்கலாம். வந்த பதில்ல கடைசியா அன்பிராசஸ்டுன்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்க, எடுக்க முடியாததை அங்கதான் போட்டிருக்கும், கமாண்ட் என்னமோ நல்லா முடிஞ்ச மாதிரிதான் தெரியும். இதெல்லாம் க்வெரியோட எழுத்தைத்தான் கேட்டு வாங்குது, க்வெரி ஓடாது, டேட்டாவைப் படிக்கிறதுக்கு அதீனா போடுற ஸ்கேன் காசு ஏறாது, பயப்படாம அடிங்க.

எடுத்ததை எல்லாம் பேரோட ஃபைல் ஃபைலா போட்டு கிட்ல (ஃபைலோட பழைய மாத்தத்தையும் சேத்து வைக்கிற டூல்) ஏத்திருங்க. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். டேட்டா எஸ்3ல பத்திரமா இருக்கும் தம்பி, ஆனா தீபாவளி ஆர்டரை எந்தத் தேதியில இருந்து எண்ணணும், உடைஞ்சு திரும்பி வந்த சீப்புச்சீடைப் பார்சலைக் கழிக்கணுமா, மலேசியாவுக்குப் போற மொத்த ஆர்டரைச் சில்லறையோட சேக்கலாமா, இந்த முடிவெல்லாம் க்வெரியில எது எது வேணும்னு சொல்ற அந்த வேர் கண்டிஷனுக்குள்ளதான் இருக்கு, வேற எங்கயும் எழுதி வச்சிருக்க மாட்டாங்க. அது போச்சுன்னா உங்க ரிப்போர்ட்ல நம்பர் வரும், ஆனா முதலாளி போன வருஷத்தோட ஒப்பிட்டுப் பாத்தா ஒத்துவராது, ஏன்னும் உங்களால சொல்ல முடியாது.

எல்லாம் எடுத்து முடிச்சதும் டிஸ்கிரிப்ஷன் காலியா இருக்குறதை மட்டும் தனியா பிரிச்சு வைங்க. அந்த அக்காவுக்கு ஒரு வாட்ஸ்அப் கால் போட்டு அந்த க்வெரியை மட்டும் படிச்சுக் காட்டி எதுக்குன்னு கேட்டு, அவங்க சொல்றதைக் க்வெரிக்கு மேலயே கமென்டா எழுதிருங்க.