பிரெஞ்சுத் தேர்வு: 4 மாதம் போதுமா?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு செவிலியர் கேட்கிறார்: "ஆன்லைனில் பிரெஞ்சு ஏ2 (தொடக்க நிலை) முடித்துவிட்டேன். கனடாவில் நிரந்தரமாகக் குடியேறப் புள்ளிமுறையில் ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்காக 4 மாதத்தில் டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வை எழுதலாமா? நைட் டூட்டிக்கு நடுவே எப்படிப் படிப்பது?"

4 மாதம் போதாது. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான பிரிவில் விண்ணப்பிக்க அழைப்பு வர கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் என்.சி.எல்.சி. (கனடாவின் பிரெஞ்சுத் திறன் அளவுகோல்) 7 வேண்டும். அது ஏறக்குறைய பி2 நிலை, ஏ2-வுக்கு இரண்டு படி மேலே. மூன்றில் 9 வாங்கி ஒன்றில் 6 வந்தாலும் போச்சு. ஏ2-விலிருந்து அங்கே போக இன்னும் சுமார் 350 மணி நேரப் படிப்பு தேவை. தினம் 2 மணி நேரம் என்றாலே 6 மாதம். டூட்டியையும் பார்த்தால் 8 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பணம் கட்டித் தேதி எடுக்க வேண்டாம்.

நம்மூரில் பலர் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பேச்சில் தடுமாறுகிறார்கள். பேச்சுத் தேர்வு 12 நிமிடம், 3 பகுதி. இரண்டாவதில் கேள்வி கேட்க வேண்டியது நீங்கள். தயாராக 2 நிமிடம் தருவார்கள். நோயாளியிடம் எப்போது, எங்கே, எவ்வளவு நாளாக என்று விசாரித்துப் பழகிய உங்களுக்கு இது கைவந்த வேலை, பிரெஞ்சில் கேட்கப் பழகினால் போதும். மூன்றாவதுதான் கஷ்டம்: தயாரிப்பே இல்லாமல் ஒரு கருத்தைச் சொல்லி நாலரை நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். தினம் ஒரு தலைப்பில் பேசி போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் கேட்கவே சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

கேட்டலில் 35 நிமிடத்தில் 39 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். பிரான்சின் ஆர்.எஃப்.ஐ. வானொலி எளிய பிரெஞ்சில் செய்தி தருகிறது. டூட்டிக்குப் போகும் பஸ்ஸில் கேளுங்கள், எழுத்து வடிவத்தை அப்புறம் பாருங்கள். எழுத்துத் தேர்வுக்கு மட்டும் திருத்தித் தர ஆசிரியர் அவசியம். செலவழிப்பதென்றால் இங்கே செலவழியுங்கள்.

யாராவது 'டெல்ஃப் (பொதுவான பிரெஞ்சுச் சான்றிதழ்) போதும்' என்றால் நம்பாதீர்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு டிசிஎஃப் கனடா அல்லது டெஃப் கனடா என்ற இன்னொரு தேர்வுதான். ஆங்கிலத்தையும் விட்டுவிடாதீர்கள்: அதில் நான்கு திறனிலும் சி.எல்.பி. (கனடாவின் ஆங்கிலத் திறன் அளவுகோல்) 5 இருந்தால் பிரெஞ்சுக்குக் கூடுதலாக 50 புள்ளி, இல்லையென்றால் 25.

தேர்வுத் தேதி இருக்கிறதா என்று சென்னைக்கு முன் திருவனந்தபுரத்தில் உள்ள பிரெஞ்சு மொழி மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் விசாரியுங்கள், உங்களுக்கு அதுதான் பக்கம். முடிவு 2 ஆண்டுக்குத்தான் செல்லும். விண்ணப்பிக்கும் நாளிலும் அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.