அன்னியப் படை தங்கிய கோட்டைக்கு வேலூர் கொடுத்த விலை என்ன?

1806 வேலூர் எழுச்சியில் உயிரிழப்பைத் தவிர வேறென்ன இழப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். உயிரிழப்பையே நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

தாடியை மழிக்க வேண்டும், நெற்றியில் சமயக்குறி கூடாது, தோல் சேர்த்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் ஆணையை மறுத்த இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 10 விடியும் முன் வேலூர்க் கோட்டையில் வெடித்த எழுச்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் மாண்டனர். அவர்களுள் மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அன்று காலையே ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து சேர்ந்தபின், கோட்டை அரண்மனைக்குள் ஒளிந்திருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். விசாரணைக்குப் பிறகு சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

அரசியல் விளைவுகள் பல. மூன்று படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். சென்னை மாகாண ஆளுநர் பெண்டிங்கும் அதன் படைத் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். படைகள் மாறிமாறித் தங்கிய காலமெல்லாம் வழிபாடு இழந்து, ஆயுதக் கிடங்காகவும் பயன்பட்ட அக்கோயிலின் வெறும் கருவறைக்கு, வேலூரை அடுத்த சத்துவாச்சாரியிலிருந்த லிங்கம் 1981-இல்தான் வந்து சேர்ந்தது.