கரண்ட் போனதும் கம்ப்யூட்டரும் போகிறதா? யூபிஎஸ் கேள்வி பதில்

ஈரோடு: சார், கரண்ட் போனால் யூபிஎஸ் ஒரு பீப் அடிக்கிறது, கூடவே கம்ப்யூட்டரும் அணைந்துவிடுகிறது. பேட்டரி போட்டு மூன்று வருடம்.

பதில்: பேட்டரிக்கு வயதாகிவிட்டது. இருந்தாலும் சோதித்துவிட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு 60 வாட் குண்டு பல்பை யூபிஎஸ்ஸில் மாட்டி, சுவர் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த்தும் சேர்ந்து போய்விடும். நல்ல பேட்டரி என்றால் பல்பு இருபது நிமிடமாவது எரியும். ஐந்து நிமிடத்தில் அணைந்தால் மாற்றத்தான் வேண்டும். 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) சீல்டு பேட்டரி என்று கேளுங்கள். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். கடையில் ஆறு மாதம் சார்ஜ் ஏறாமல் கிடந்ததை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் மாறினால் ஃபியூஸோடு மாஸ்ஃபெட்டும் (உள்ளே கரண்டை மாற்றித் தரும் டிரான்சிஸ்டர்) போகும்.

மதுரை: யூபிஎஸ்ஸில் 600 விஏ (வோல்ட் ஆம்பியர்) என்று போட்டிருக்கிறது. அப்படி என்றால் 600 வாட்தானே?

பதில்: இல்லை. இந்த ரகத்தில் பெரும்பாலும் 0.6-ஆல் பெருக்குங்கள், 360 வாட் வரும். சிபியூவும் மானிட்டரும் சேர்ந்து 120 வாட் என்றால் புது பேட்டரியில் 10 முதல் 15 நிமிடம் ஓடும். '12 பெருக்கல் 7, 84 வாட் அவர் இருக்கிறதே' என்பீர்கள். 7 ஏஎச் என்பது 20 மணி நேரம் மெல்ல இழுத்தால் கிடைக்கிற கணக்கு. 120 வாட்டுக்காக 12 ஆம்பியர் அளவில் இழுத்தால் அவ்வளவு தேறாது. ஃபைலை சேவ் செய்து ஷட்டவுன் செய்யத்தான் அந்த நேரம். லேசர் பிரின்டரை இதில் மாட்டாதீர்கள்.

வேலூர்: பிரின்டரை மாட்டலாமா?

பதில்: இங்க்ஜெட் பரவாயில்லை. லேசர் கூடாது, பொடி மையைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும்.

தஞ்சாவூர்: இன்வெர்ட்டரின் 150 ஏஎச் பேட்டரியை 600 விஏ யூபிஎஸ்ஸில் கட்டினால் மணிக்கணக்கில் ஓடுமே?

பதில்: ஓடும், பிறகு புகையும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சில நிமிட வேலைக்கு அளந்து சுற்றியது.

சேலம்: அண்ணே, ஹீட்சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) ஒரு ஃபேன் வைத்தால் போச்சு.

பதில்: ஃபேன் மாஸ்ஃபெட்டைக் குளிர்விக்கும். டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்குள் ஏறும் சூட்டை என்ன செய்வீர்கள்? யூபிஎஸ்ஸில் இருக்கும் சார்ஜரும் 1 ஆம்பியர் அளவுதான் தரும். காலியான 150 ஏஎச் நிரம்ப ஆறு நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் அடுத்த பவர் கட் வந்துவிடும். அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து பேட்டரியும் வீண்.

சேலம்: சார்ஜரைத் தனியாகப் போட்டால்?

பதில்: பெரிய பேட்டரி, தனி சார்ஜர், ஃபேன். இதற்குப் பெயர் இன்வெர்ட்டர் தம்பி, கடையில் முழுசாகவே கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி சார்ஜாகும்போது ஹைட்ரஜன் விடும். அதை மூடிய அறையில் மேசைக்கடியில் வைக்கவும் கூடாது.

நாகர்கோவில்: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் யூபிஎஸ் தேவையா?

பதில்: இன்வெர்ட்டரில் வேகமாக மாறும் 'யூபிஎஸ் மோடு' சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தனி யூபிஎஸ் பெரும்பாலும் வேண்டாம். கரண்ட் அறுந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) இருக்கும் கெப்பாசிட்டர் முழு லோடில் சுமார் 16 மில்லிநொடி தாக்குப்பிடிக்கும். யூபிஎஸ் பொதுவாக 10-க்குள் மாறிவிடும். சாதா மோடில் இன்வெர்ட்டர் 40 வரைகூட எடுக்கும், அதனால்தான் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. ஸ்கொயர் வேவ் (சதுர அலை) இன்வெர்ட்டருக்குப் பின்னால் யூபிஎஸ் போட்டால், வருவதை நல்ல கரண்ட் என்று அது ஏற்காமல் தன் பேட்டரியையே தின்று தீர்ப்பதும் உண்டு. லைன் கரண்ட் போலவே வளைந்த அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு.

கோவை: 600 விஏ போதுமா சார்?

பதில்: மதுரைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓசூர்: கிராஃபிக்ஸ் கார்டோடு 450 வாட் வருகிறது. 600 விஏ போதுமா?

பதில்: 360 என்று சொல்லிவிட்டேன். 1000 விஏ, ப்யூர் சைன் வேவ் வாங்குங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுப்பதைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ், சைன் வேவுக்குப் பதில் படிப்படியான அலை தரும் சில யூபிஎஸ்களில் மாறும் நேரத்தில் அணைந்துவிடும்.

விழுப்புரம்: ஆளில்லாத நேரத்தில் கரண்ட் போனால்?

பதில்: யூஎஸ்பி போர்ட் உள்ள யூபிஎஸ் வாங்கி கேபிளை மாட்டுங்கள். பெரும்பாலானவற்றை விண்டோஸ் லேப்டாப் பேட்டரி போலவே காட்டும். பவர் ஆப்ஷன்ஸில் பேட்டரி குறைந்தால் ஷட்டவுன் என்று வையுங்கள். லினக்ஸில் இதற்கு நட் (NUT) என்ற மென்பொருள்.

கடலூர்: லேசர் பிரின்டரை ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும்...

பதில்: கூடாது.