ஆய்விதழ் தன் கட்டுரைக்கு வழிகாட்டும் விதம்: கேள்வி பதில்

கேள்வி (முனைவர் பட்ட ஆய்வாளர்): நான் மேற்கோள் காட்ட வேண்டிய கட்டுரை இணையத்தில் வெளியாகிவிட்டது, ஆனால் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இல்லை. எப்படிக் குறிப்பிடுவது?

பதில்: இதழ் நிறைவடையும்வரை காத்திராமல், ஏற்கப்பட்ட கட்டுரையை உடனே இணையத்தில் ஏற்றுவது இன்று பல ஆய்விதழ்களின் வழக்கம். ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழின் பெயர், ஆண்டு ஆகியவற்றோடு, கட்டுரைக்கென நிலையாக இடப்படும் அடையாளமான டிஓஐ (DOI) எண்ணையும் சேர்த்துவிட்டால் போதும். தொகுதி எண் பின்னர் ஒதுக்கப்படும்போதும் டிஓஐ மாறாது. பக்க எண்ணையே கைவிட்டு, ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி எண் தரும் இதழ்களும் உண்டு.

கேள்வி (நூலகர்): இணையதளம் மாறினால் இணைப்புகள் அறுந்துபோகின்றனவே, டிஓஐ மட்டும் எப்படி நிலைக்கிறது?

பதில்: டிஓஐ கட்டுரையின் இருப்பிடத்தைச் சொல்வதில்லை, அது கட்டுரைக்கு இட்ட பெயர். வாசகர் அதைச் சொடுக்கும்போது, நடுவே உள்ள பதிவேடு அன்றைய முகவரியைப் பார்த்து அவரை அங்கே அனுப்பிவைக்கிறது. 10 என்று தொடங்கிச் சாய்கோடு வரையுள்ள முற்பகுதி, எண்ணை முதலில் பதிவு செய்த பதிப்பகத்தைச் சார்ந்தது. இதழ் வேறொரு பதிப்பகத்துக்குக் கைமாறினாலும் பழைய கட்டுரைகளின் எண் அப்படியே இருக்குமாதலால், முற்பகுதியை வைத்து இன்றைய பதிப்பகத்தை ஊகிக்கக் கூடாது. ஒரு பதிப்பகத்தின் மேற்கோள் பட்டியலிலிருந்து இன்னொன்றின் கட்டுரைக்கு வாசகர் நேரே செல்ல வழி வேண்டும் என்பதற்காகவே, 2000-ஆம் ஆண்டில் பதிப்பகங்கள் கூடி, டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பைத் தொடங்கின. ஆயினும் முகவரி மாறியதைப் பதிவேட்டில் திருத்த வேண்டியது பதிப்பகத்தின் கடமை. அதைச் செய்யத் தவறுவது வாசகருக்குக் கொடுத்த வாக்கை மீறுவதாகும் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி (முதுகலை மாணவர்): டிஓஐ இருந்தால் தரமான ஆய்வு என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. அது அடையாளம் மட்டுமே. மதிப்பாய்வுக்கே உட்படாத முன்வெளியீடுகளுக்கும் டிஓஐ உண்டு.

கேள்வி (மருத்துவர்): முன்பு பதிவிறக்கி வைத்த கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

பதில்: உங்கள் கணினியில் உள்ள பிடிஎஃப் தானாக எதையும் சொல்லாது. நல்ல ஆய்விதழ், திரும்பப் பெற்ற கட்டுரையைச் சுவடின்றி அழிப்பதில்லை. அதே பக்கத்தில், தலைப்பிலும் தாள்களின் குறுக்கிலும் அச்செய்தியைப் பதித்து, காரணம் கூறும் அறிவிப்பைத் தனி டிஓஐயுடன் வெளியிட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து வைக்கும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகியவற்றுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரையை அவ்விதழ் 2010-இல்தான் முழுமையாகத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படிகளில் அந்தத் தகவல் இராது. 2023 முதல், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தையும் கிராஸ்ரெஃப் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. எனவே மேற்கோள் பட்டியலை இறுதி செய்யும்போது ஒவ்வொரு டிஓஐயையும் ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை விவாதத்துக்காகக் குறிப்பிட்டே ஆக வேண்டுமென்றால், அறிவிப்பின் டிஓஐயையும் அதனருகிலேயே கொடுங்கள்.