பேரரசு பெருத்த பிறகு: சிவிலைசேஷன் தொடர் குறித்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பழைய கட்டுரை ஒன்றில், ஒரு நாட்டைத் தொன்மையிலிருந்து பேரரசாக வளர்த்தெடுக்கும் 'சிவிலைசேஷன்' கணினி விளையாட்டுத் தொடரைப் போகிற போக்கில் குறிப்பிட்டு, நான்காம் பாகமே சிறந்தது என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். நான் ஐந்தாம் பாகத்தில் நுழைந்தவன். என் நண்பர்கள் பலருக்கும் இத்தொடர் அறிமுகமானது அதில்தான். ஆறாம் பாகத்தைச் சில மாதங்கள் ஆடிவிட்டு, அதன் பொம்மைத்தனமான தோற்றம் பிடிக்காமல் விட்டுவிட்டேன். ஏழாம் பாகத்தில் சோழர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அதை வாங்கும் ஆசை வந்திருக்கிறது. ஆனால் பாதி ஆட்டத்தில் நாட்டையே மாற்றிக்கொள்ளச் சொல்லும் விளையாட்டு எப்படிச் சிவிலைசேஷன் ஆகும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

நான்காம் பாகத்தை நீங்கள் உயர்த்திச் சொல்வதற்குப் பழைய நினைவுகளைத் தாண்டிய காரணம் ஏதும் உண்டா? ஏழாம் பாகம் தொடரைக் கெடுத்துவிட்டது என்பது சரிதானா?

அன்புடன்,
ஆர்., திருச்சி

---

அன்புள்ள ஆர்.,

ஒரு தொடரின் பாகங்களை ஒப்பிடும்போது எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். தோற்றம், இசை, நாடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்துப் பேசினால் ஒவ்வொருவரும் தாம் முதலில் ஆடிய பாகத்தைத்தான் தூக்கிப்பிடிப்பார்கள். நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: பேரரசு பெருத்துவிட்ட பிறகு அந்த ஆட்டம் என்ன செய்கிறது?

இவ்வகை ஆட்டங்களின் பிறவிக் குறைபாடு அங்கேதான் இருக்கிறது. நகரம் அதிகமானால் உற்பத்தி கூடும், உற்பத்தி கூடினால் படை கூடும், படை கூடினால் அடுத்தவன் நகரமும் நமதாகும். வட்டி குட்டி போடுவதைப் போல வளர்ச்சியே வளர்ச்சியைப் பெற்றெடுப்பதால், இடைக்காலத்தைத் தாண்டுவதற்குள் வெற்றி யாருக்கு என்பது தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் நூற்றுக்கணக்கான சுற்றுகளை, முடிவு தெரிந்த கணக்கைப் போட்டு முடிப்பதுபோல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சிட் மேயரும் புரூஸ் ஷெல்லியும் 1991-இல் முதல் பாகத்தை உருவாக்கியதிலிருந்து இன்றுவரை, ஒவ்வொரு பாகமும் இந்தக் குறைபாட்டுக்குச் சொல்லப்பட்ட ஒரு பதில் என்றே நான் வாசிக்கிறேன்.

முதலிரண்டு பாகங்களில் பதில் என்று சொல்லத்தக்கதாக ஏதுமில்லை. வரைபடத்தில் நகரம் அமைந்திருக்கும் கட்டம் மக்கள் உழைப்பில்லாமலேயே விளைச்சல் தந்ததால், பெரிய நகரங்கள் சிலவற்றை வளர்ப்பதைவிடச் சிறு நகரங்களை நெருக்கமாக நட்டுக்கொண்டே போவது லாபமாக இருந்தது. 1996-இல் பிரையன் ரெனால்ட்ஸ் வடிவமைத்த இரண்டாம் பாகம் போர்முறையைச் சீராக்கியது. ஈட்டிக்காரன் போர்க்கப்பலை மூழ்கடிக்கும் வேடிக்கை அதில் பெருமளவு குறைந்தது. மற்றபடி நகரம் நடும் போட்டி தொடர்ந்தது.

2001-இல் வந்த மூன்றாம் பாகம் ஊழல் என்ற கருவியை எடுத்தது. தலைநகரிலிருந்து தொலைவில் இருக்கும் நகரின் உற்பத்தியில் பெரும்பகுதி ஊழலிலும் விரயத்திலும் போய்விடும். கடைக்கோடி நகரில் ஒரே ஒரு அலகு உற்பத்தி மிஞ்சும். கோபம் வரவழைக்கும் ஏற்பாடு இது, ஏனென்றால் ஆட்டக்காரர் எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும் அந்த நகரைப் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. அதே பாகம்தான் எல்லைக்கோடுகளையும், இரும்பும் குதிரையும் கிடைக்கும் நிலத்துக்கான போட்டியையும் தொடருக்குள் கொண்டுவந்தது என்பதால், பயனற்ற நகரையும் இடம்பிடிப்பதற்காக நட்டே தீர வேண்டியிருந்தது. தண்டனை இருந்தது, ஆனால் அது யாரையும் தடுக்கவில்லை.

இப்போது நான்காம் பாகத்துக்கு வருகிறேன். 2005-இல் சோரன் ஜான்சன் தலைமையில் உருவான அந்த ஆட்டம் ஊழலை எடுத்துவிட்டு, நகர்ப் பராமரிப்புச் செலவை வைத்தது. நகரங்களின் எண்ணிக்கையும் தலைநகரிலிருந்து உள்ள தொலைவும் கூடக்கூடச் செலவு கூடும். ஆனால் அந்தச் செலவு கஜானாவிலிருந்து போகும், நகரின் உற்பத்தி உங்கள் கையிலேயே இருக்கும். திரையின் மேல்மூலையில் வருவாயில் எத்தனை சதவீதம் ஆராய்ச்சிக்குப் போகிறது என்று காட்டும் ஒரு விகிதம் இருக்கிறது. மூன்று நகரங்கள் இருக்கும்போது அது 100-இல் நிற்கும். ஆறாவது நகரம் எழும்போது 60 ஆகும். அண்டை நாட்டுக்காரன் இரண்டு நகரங்களைப் பறிகொடுத்து அவை உங்களுடையதாகும்போது 20-க்கு இறங்கி, அதிலும் பணம் கரையும். வென்ற அரசன் கடனாளியாக நிற்கும் அந்தச் சில பத்துச் சுற்றுகளைப் போல உயிருள்ள பகுதி இத்தொடரில் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தப் பள்ளத்திலிருந்து ஏற வழியும் உண்டு, அது ஆட்டக்காரரின் கையில் இருக்கிறது. நாணய முறையைக் கண்டறிந்தால் ஒவ்வொரு நகருக்கும் ஒரு வணிகப் பாதை கூடுதலாகக் கிடைக்கும். சட்டத் தொகுப்பைக் கண்டறிந்தால் பராமரிப்பைப் பாதியாகக் குறைக்கும் நீதிமன்றங்களைக் கட்டலாம். ஆற்றங்கரையில் ஒரு குடிசையை அமைத்து அங்கே ஆளை இருத்தினால் 10 சுற்றுகளில் அது குக்கிராமமாகும், அடுத்த 20 சுற்றுகளில் கிராமமாகும், மேலும் 40 சுற்றுகளில் சிற்றூராகித் தங்கமாகக் கொட்டும். எதிரியின் குதிரைப்படை ஒருமுறை புகுந்து கொள்ளையடித்தால் அந்த வளர்ச்சி படிப்படியாகச் சரியும். எப்போது விரிவது, எப்போது நிற்பது என்ற முடிவின் விலை எண்ணாகக் கண்முன்னே நிற்கிறது, அந்த விலையைக் கட்டி மீளவும் முடிகிறது. நான்கை உயர்த்திச் சொல்ல எனக்கு இருக்கும் காரணம் இதுதான். படைகளை ஒரே கட்டத்தில் மலைபோல் குவிக்கும் முறை அலுப்பூட்டுவது என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்த முறையில்தான் கணினி எதிரியால் ஓரளவு ஒழுங்காகப் போரிட முடிந்தது.

உங்களுக்குப் பிரியமான ஐந்தாம் பாகத்தைப் பற்றிச் சொன்னால் வருந்த மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஜான் ஷேஃபர் வடிவமைத்து 2010-இல் வெளிவந்த அந்த ஆட்டம் சதுரங்களை அறுகோணங்களாக்கி, ஒரு கட்டத்தில் ஒரு படைப்பிரிவுதான் நிற்கலாம் என்று விதித்தது. காகிதத்தில் அழகான விதி. ஆனால் கணினி எதிரி தன் கவண்பொறிகளை ஈட்டிக்காரர்களுக்கு முன்னால் அனுப்பிப் பலிகொடுத்ததை நீங்களே எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். விரிவாக்கத்துக்கு அது வைத்த பூட்டு, பேரரசு முழுமைக்குமான மகிழ்ச்சி என்ற ஒற்றை எண். ஒரு மூலையில் புதிதாக நட்ட நகரம் மறு மூலையில் இருக்கும் தலைநகரின் வளர்ச்சியையும் மந்தமாக்கிவிடும். 2013-இல் வந்த 'பிரேவ் நியூ வேர்ல்ட்' விரிவாக்கத் தொகுப்பு, வழக்கமான அளவுள்ள வரைபடத்தில் ஒவ்வொரு நகரமும் ஆராய்ச்சிச் செலவை 5 சதவீதம் கூட்டும் என்ற விதியையும் சேர்த்தது. விளைவு, பெரும்பாலான ஆட்டங்களில் நான்கு நகரங்களோடு நின்றுவிடுவதே புத்திசாலித்தனம் என்றாகிவிட்டது. நான்காம் பாகம் விரிவுக்கு விலை வைத்தது. ஐந்தாம் பாகம் கதவையே சாத்தியது. நிதானமாகச் சில நகரங்களைப் பேணி வளர்க்கும் சுகம் ஐந்தில் உண்டு என்பது உண்மைதான். அதற்காக ஆடுபவர்கள் ஆடட்டும்.

ஆறாம் பாகத்தை நீங்கள் தோற்றத்துக்காகக் கைவிட்டது எனக்கு வருத்தமே. எட் பீச் தலைமையில் 2016-இல் வந்த அது, நகரத்தைப் பிரித்து வரைபடத்தின் மேல் பரப்பியது. கல்வி வளாகத்தை மலைகளை ஒட்டி வைத்தால் ஒவ்வொரு மலைக்கும் கூடுதல் அறிவியல் கிடைக்கும், ஆனால் அந்தக் கட்டத்தின் விளைச்சல் போய்விடும், ஒருமுறை வைத்ததைப் பிறகு அகற்றவும் முடியாது. நிலத்தைக் கூர்ந்து பார்க்க இந்த அளவுக்குப் பழக்கிய பாகம் வேறில்லை. என் அளவுகோலில் மட்டும் அது தேறவில்லை: நகரங்களைக் கூட்டுவதற்குப் பெரிய தண்டனை எதுவும் இல்லாததால், பழைய நடவுப் போட்டி திரும்பி வந்தது. ஆட்டத்தின் பின்பாதியில் சுற்றுக்குச் சுற்று கட்டட வேலையை ஏவுவதே முழுநேரத் தொழிலாகிவிடுகிறது.

2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பாகத்தை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பிடிவாதம் புரியும். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஆட்டத்தை முடிப்பதே இல்லை என்பதை இத்தொடரை உருவாக்கும் ஃபிராக்ஸிஸ் நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது. எனவே ஆட்டத்தைத் தொன்மை, கடலோட்டம், நவீனம் என்று மூன்று காலங்களாக வெட்டி, முதல் இரண்டு காலங்களின் முடிவிலும் ஒரு நெருக்கடியைக் கொண்டுவந்து, முன்னேறியவரையும் பின்தங்கியவரையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் மறுபடி நிறுத்தினார்கள். நாடு மாறுவது அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. நண்பர்கள் சொல்வதுபோல் அது துரோகமென்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் நோயை அடையாளம் கண்டது சரி. மருந்துதான் தவறு. வென்றவன் தன் வெற்றியின் சுமையைத் தாங்கித் தடுமாறுவது வேறு, காலம் முடிந்துவிட்டது என்று நடுவர் ஊதிக் கலைத்துவிடுவது வேறு. முன்னதில் நம் முடிவுகளுக்குப் பொருள் இருக்கிறது.

சோழர்களுக்காக வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். செய்ததை அக்கறையோடு செய்திருக்கிறார்கள், அதில் குறையில்லை. தஞ்சைப் பெரிய கோயில் உலக அதிசயங்களில் ஒன்றாக இருக்கிறது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்கள் கட்டடங்களாக வருகின்றன, இரண்டையும் ஒரே கட்டத்தில் அமைத்தால் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் பெயரில் ஒரு தனிப் பகுதி உருவாகிறது. ராஜராஜன், ராஜேந்திரன் என்ற பெயர்களோடு நின்றுவிடாமல் கல்வெட்டுகளில் வரும் வணிகர்கள்வரை யாரோ தேடிப் போயிருக்கிறார்கள். ஆனால் ஆட்டம் வெளிவந்தபோது இருந்த விதிப்படி, சோழர்கள் நடுவிலுள்ள கடலோட்டக் காலத்துக்கு மட்டுமே உரியவர்கள். துறைமுகங்கள் லாபம் ஈட்டத் தொடங்கி, கடல் கடந்த குடியேற்றங்கள் வேரூன்றும் நேரத்தில் காலம் முடிந்து, முகலாயரையோ வேறொரு நாட்டையோ தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதற்குச் சம்மதம் என்றால் தள்ளுபடி வரும்போது வாங்குங்கள். ஆட்டத்தை நேரடியாகக் கடலோட்டக் காலத்திலிருந்தே தொடங்கும் வசதியும் இருக்கிறது.

நான்கை ஆடிப்பார்க்க விரும்பினால் 2007-இல் வந்த 'பியாண்ட் த ஸ்வோர்ட்' விரிவாக்கத் தொகுப்போடு சேர்த்து வாங்குங்கள். பழைய ஆட்டம் என்பதால் சாதாரண மடிக்கணினியே போதும். கடினத்தை நடுத்தரமான 'நோபிள்' நிலையில் வையுங்கள். முதல் ஆட்டத்திலேயே, ஐந்தாம் பாகம் பழக்கிய தயக்கத்தை விட்டுவிட்டு, ஆராய்ச்சி விகிதம் 30-க்குக் கீழே இறங்கும்வரை நகரங்களை நட்டுப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.

அன்புடன்.